சுத்தமான டேப்

உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து, டேப் ரிக்கார்டரின் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அவள். ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள்.

கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வரப்போவது எது என்று அவனுக்குத் தெரியும். மெதுவான பாட்டு. ஒன்பது நிமிடம். முதலில் ஆர்கன் தனியாக முனகும். பிறகு பாடகர் பாதித் தூக்கத்தில் பேசுகிறமாதிரி ஆரம்பிப்பார். கடைசி மூன்று நிமிடம் கிடார் மட்டும்.

"என்ன பண்றே?" என்றான்.

கையைத் தூக்கி அவனை நிறுத்தினாள். ஒலிபெருக்கியின் துணியில் காது படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டாள்.

ஒன்பது நிமிடமும் அவள் அசையவில்லை. அவனும் ஈரத்துண்டோடு நின்ற இடத்திலேயே நின்றான். பாட்டு முடிந்து கூட்டம் கத்தியதும் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

"எங்கங்க அவன்?"

"யாரு?"

"யாருன்னு என்னையே கேக்கறீங்களே."

அவன் துண்டை நாற்காலியில் போட்டான். எட்டு வயதுப் பையன். ஒரே பையன். மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டான். அது நடந்து வருடம் ஒன்று ஆகப்போகிறது.

"இந்தப் பாட்டுலதானே பேசினான்? நீங்கதானே வந்து சொன்னீங்க, தொணதொணன்னு பேசி டேப்பைக் கெடுத்துட்டான்னு. ஒரு வாரம் அதே புலம்பலா இருந்தீங்களே."

"ஆமா."

"அப்ப எங்க?"

"எடுத்துட்டோம்."

"அவனையா?"

"சத்தத்தை. சத்தத்தை எடுத்துட்டோம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இத்தனை நாளும் கேக்கத் தைரியம் வரலைங்க. இன்னிக்கு வந்துச்சு. நேத்து அவன் 'அம்மா'ன்னு கூப்பிடறதை நினைச்சுப் பாத்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளை குரல்ல கேக்குது. எவ்வளவு முயற்சி பண்ணாலும் அந்தப் பிள்ளை குரல்தான் வருது." ரிக்கார்டரின் மூடியைத் தடவினாள். "இதுல இருக்கான்னு நினைச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். என்ன பண்ணுவீங்களோ தெரியாது. எனக்கு அவன் குரல் வேணும்."

வீட்டில் ஒரு அலமாரி நிறைய டேப்புகள் இருந்தன. எல்லாம் ஒரே ராக் குழுவின் பாட்டுகள். அறுபதுகளில் ஐந்து நீளமுடிக்காரர்களாகத் தொடங்கி, எழுபதுகளில் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, பாதிப் பேர் வழுக்கையான பிறகும் மேடையை விட்டு இறங்காத குழு. அவனும் அவளும் ஒருவரையொருவர் முதலில் பார்த்ததே அவர்களுடைய இசைத்தட்டுக்காக நின்ற வரிசையில்தான். கடைசித் தட்டு அவளுக்குக் கிடைத்தது. கிடைக்காதவன் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டான். போய்ப் போய்க் கல்யாணத்தில் முடிந்தது. பையனைத் தூங்கவைக்கக்கூட அந்த மெதுவான பாட்டைத்தான் அவள் முனகுவாள்.

அலமாரியில் இருந்த டேப்புகளில் ஒன்றில்கூடப் பையன் இல்லை. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பாட்டைப் பாடிப் பதியவேண்டும் என்று அவன் ஒருமுறை கேட்டான். "டேப் வீணாயிடும்டா," என்று சொல்லி ரிக்கார்டரை உயரத்தில் எடுத்து வைத்துவிட்டான் அப்பா.

அவன் லிப்ட் மெக்கானிக். ரசிகர் வட்டத்தில் அவனுக்கு 'லிப்ட்' என்றே பெயர். அந்தக் குழு முதல்முறையாக ஊருக்கு வந்தபோது, சட்டைக்குள் சின்ன ரிக்கார்டரைக் கட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்த மனைவிக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய டிக்கெட்டில்தான் பையன் போனான்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கச்சேரியில் திருட்டுத்தனமாகப் பதிந்து வரும் டேப்புக்குப் 'பச்சை' என்று பெயர். இருமல், விசில், பக்கத்து சீட்டுக்காரனின் பேச்சு எல்லாம் அதில் இருக்கும். வேறு ஒருவன் வேறு பக்கத்தில் உட்கார்ந்து பதிந்த டேப்பிலிருந்து நல்ல துண்டுகளை எடுத்து ஒட்டி, பச்சையைச் சுத்தம் செய்வார்கள். சுத்தமான பிரதி தயாரானதும் பச்சை டேப்புகளை எல்லோரும் அழித்துவிட வேண்டும். நம்ம ஆளுங்க பாட்டு ஊரெல்லாம் போகும்போது அழுக்குத் துணியோடு போகக் கூடாது. இதற்காகச் சத்தியம்கூடச் செய்திருந்தார்கள். வீட்டுக் கல்யாணத்துக்கு வராதவன்கூட இந்தச் சத்தியத்தை மீறமாட்டான்.

பிற்பகலில் அவன் சலூனுக்குப் போனான். கூட்டம் குறைந்ததும் வட்டம் அங்கேதான் பின்கட்டில் கூடும். கொடியில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. சலூன்காரருக்கு உச்சியில் முடி இல்லை. சுற்றியிருந்தது தோள்வரை தொங்கியது. ஊருக்கெல்லாம் வெட்டுகிறவர் தன் தலையில் மட்டும் கத்திரி வைத்ததில்லை. குழுவின் பாடகர் முதலில் வெட்டிக்கொள்ளட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார்.

"வாடா லிப்ட். மேல போறியா, கீழ போறியா?"

அவன் துண்டுகளை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அந்தக் கச்சேரியோட பச்சை வேணும்," என்றான்.

ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். டேப்புகளைச் சுத்தம் செய்வது அவர்தான். அதனால் 'துடைப்பம்' என்று பெயர். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பச்சை எதுக்கு?"

"அவ பையன் குரலைக் கேக்கணும்கறா."

சலூன்காரர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"என்கிட்ட இல்லையேடா," என்றார் துடைப்பம். "நீதானே கொண்டாந்து குடுத்தே. முதல்ல இதை அழிச்சிடு, வெளிய போச்சுன்னா மானம் போயிடும்னு சொன்னே. உன்னோடதையும் என் கண்ணு முன்னாலதான் அழிச்சே."

"நீ உன்னோடதை அழிச்சிட்டியா?"

"அன்னிக்கே. அது மேலதான் அந்தப் பேட்டியைப் பதிஞ்சேன்."

"டிரம்மர் பேட்டியா? அது நல்ல பேட்டி," என்றார் சலூன்காரர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உன் டேப்புல ஏதாவது இருக்குமா?" என்று அவரிடம் கேட்டான் மெக்கானிக்.

"நீ மேடைக்கு இடப்பக்கம். நான் வலப்பக்கம். என் பச்சையில ஒரு கிழவன் இருமினான். அவ்வளவுதான். அந்த மெதுவான பாட்டையே என் டேப்புலேர்ந்துதானே எடுத்து உன்னோடதுல ஒட்டினோம்?" சலூன்காரர் சீப்பை எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப வைத்தார். "அந்தக் கிழவன் இருமலையும் இவன் விடலை. எடுத்துட்டான்."

"நான் என்னடா பண்ணுவேன்? என் வேலையே அதுதானே," என்றார் துடைப்பம். "பையன் போவான்னு யார் கண்டா?"

மெக்கானிக் எழுந்துகொண்டான். வாசலுக்கு வந்துவிட்டவனைத் துடைப்பம் கூப்பிட்டார்.

"டாக்டரம்மாகிட்ட ஒண்ணு இருக்கணும்."

சலூன்காரரின் முகம் சட்டென்று இறுகியது. எதிரே இருந்த கண்ணாடியில் அது நன்றாகத் தெரிந்தது.

டாக்டரம்மா என்பவர் பல் டாக்டர். வட்டத்தில் இருந்த ஒரே பெண். பழைய கிடார்காரர் குழுவை விட்டு விலகிய அன்றே குழு செத்துப்போய்விட்டது என்பது அவருடைய கட்சி. கச்சேரிக்கு வந்தார், கேட்டார், மறுநாள் காலையே மெக்கானிக்கிடம் பச்சைப் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டார், அடுத்த ஞாயிறு சலூனுக்கு வந்து, புதுக் கிடார்காரன் வாசிப்பது கண்ணாடி பார்த்துத் தலைவாருகிற மாதிரி இருக்கிறது என்றார். சலூன்காரருக்கு அது தன் தொழிலையும் சேர்த்துத் திட்டியதுபோல் பட்டது. "இனிமே இந்த சலூன்ல காலை வைக்காதீங்க," என்று கத்தினார். "நான் எப்பவாவது முடி வெட்டிக்க வந்தேனா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பச்சையை அழிக்கச் சொன்னபோது அவர் வட்டத்திலேயே இல்லை. கொடுத்த பிரதி மெக்கானிக்குக்கே மறந்துபோயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து, கிரீஸ் கறை போகாத கையோடு அவருடைய கிளினிக்குக்குப் போனான். உள்ளே டேப்பில் பழைய கிடார்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் ஒரு ஆள் வாயைப் பிளந்து கிடந்தான்.

"இப்ப கிடார் வரும், கேளுங்க. அது முடியறதுக்குள்ள பல்லு வெளிய வந்துடும்," என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "லிப்ட். பல்லா, பாட்டா?"

"டேப், டாக்டர்."

"உக்காருங்க."

நோயாளியை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே வந்தார். அறை முழுக்க மருந்து நெடி.

"என்ன, சலூன்காரர் தூது அனுப்பினாரா? மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம். வீட்ல எப்படி இருக்காங்க? பையன் என்ன படிக்கிறான்?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"பையன் இல்ல டாக்டர்."

"எங்க போயிட்டான்?"

"போயிட்டான்."

டாக்டரம்மா துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "எப்போ?"

"வருஷம் ஆகப்போகுது."

"எனக்கு ஏன் சொல்லலை?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நாலு தெரு தள்ளி இருக்கேன். ஒரு ஆள் வந்து சொல்ல முடியலையா? ஒரு கிடார்காரனுக்காகவா?" அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார். "அவன் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து வாசிக்கிறான். அவனுக்கு நம்ம பேருகூடத் தெரியாது."

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். இழுப்பறைகள் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது கையில் கேசட் இருந்தது. அவனே எழுதித் தந்த தேதி அதன் முதுகில் அப்படியே இருந்தது.

நீட்டிய கையில் வைக்காமல் டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார்.

"இதை நான் பல தடவை கேட்டிருக்கேன். நீங்க முதல்ல தனியா கேளுங்க. அப்புறம் அவங்களுக்குப் போடுங்க."

"ஏன், டேப் தேஞ்சு போச்சா?"

"தேயலை. நல்லாவே கேக்குது. இங்கேயே போடறேன், உக்காந்து கேட்டுட்டுப் போங்க."

"வேணாம் டாக்டர். அவதான் முதல்ல கேக்கணும். அவளுக்கு முன்னால நான் கேட்டா திருட்டு மாதிரி இருக்கும்."

"லிப்ட், சொன்னாக் கேளுங்க."

அவன் முகத்தைப் பார்த்தார். கேசட்டை அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

வழியெல்லாம் அவன் ஓடாத குறைதான். நாலு மாடியும் படி ஏறியே போனான். அந்தக் கட்டிடத்து லிப்டைப் பழுது பார்க்கிறவனே அவன்தான். அன்றைக்கு அது வந்து நிற்கும்வரை காத்திருக்க அவனால் முடியவில்லை. கதவைத் திறந்ததும் கேசட்டை உயர்த்திக் காட்டினான். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கா?"

"இருக்கு. நல்லாவே கேக்குதாம்."

அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தலையை வாரிக்கொண்டாள். சலவைப் பிரிவின் நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு உடுத்திக்கொண்டாள், யாரோ வீட்டுக்கு வருகிறமாதிரி. பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் வேண்டாம் என்று அதன் சுவிட்சை அணைத்தாள். மின்விசிறியையும் நிறுத்தினாள்.

"நான் அழுத்தறேன்," என்றாள்.

மூன்றாவது பாட்டின் கைதட்டல் ஓடி அடங்கியது. ஆர்கன் முனக ஆரம்பித்தது. சுத்தமான டேப்பில் இருந்ததைவிட அரங்கம் பெரிதாகவும் கூட்டம் கிட்டவும் கேட்டது. யாரோ செருமினார்கள். பாடகர் வாயைத் திறந்தார்.

"அப்பா, அந்த மாமா ஏம்பா கண்ண மூடிக்கிட்டு—"

அவன்தான். மூக்கடைத்த குரல். 'அப்பா'வில் கடைசி எழுத்தை இழுக்கிற இழுப்பு. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வார்த்தை முடிவதற்குள் அதன்மேல் ஏறிக்கொண்டு இன்னொரு குரல் வந்தது. மைக்குக்கு மிக அருகில், நெஞ்சுக்குள்ளிருந்து.

"வாய மூடு. பதிவாகுது. தொணதொணன்னு. உனக்குப் போய் உங்கம்மா டிக்கெட்டைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னொரு வார்த்தை பேசினே, இனிமே எங்கேயும் கூட்டிட்டு வரமாட்டேன். கேக்குதா? கேக்குதாங்கறேன்?"

"ம்."

அதன் பிறகு பாட்டு.

அவள் காத்திருந்தாள். பாடகர் ஒரு சரணம் முடித்தார், அடுத்ததை எடுத்தார். அவள் ஒலிபெருக்கியை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். யாரோ விசிலடித்தார்கள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். மெக்கானிக்குக் கால் மரத்துப்போனது. பையன் பேசுவான் என்று அவனும் காத்திருந்தான். நினைவில் அப்படித்தான் இருந்தது. பாட்டு முழுக்க அந்தப் பையன் விடாமல் பேசினான். மெக்கானிக் துடைப்பத்திடம் அப்படித்தான் சொன்னான். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். தானே ஒருமுறைகூடப் போட்டுக் கேட்காமல் கேசட்டைத் தூக்கிக் கொடுத்தான்.

கடைசி மூன்று நிமிடம் வந்தது. கிடார் ஏறியது. அவன் முன்கையில் மயிர் குத்திட்டு நின்றது. எப்போது கேட்டாலும் நடப்பதுதான். இப்போதும் நடந்தது. கையை உடம்போடு ஒட்டி மறைத்துக்கொண்டான். முக்காலிக்குக் கீழே அவள் பாதமும் தாளத்துக்கு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கே அது தெரிந்திருக்காது.

அப்போதுதான் அவனுக்குக் கச்சேரியில் அந்த இடம் நினைவுக்கு வந்தது. நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தான் பையன். பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு மாறும்போதெல்லாம் அந்த விரல்கள் சிவப்பாகவும் நீலமாகவும் தெரிந்தன. நல்ல பையனாக இருக்கிறான் என்று தான் நினைத்ததுகூட அவனுக்கு ஞாபகம் வந்தது.

பாட்டு முடிந்து கூட்டம் கத்தியது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அவன் டேப் சுற்றுவதையே பார்த்தான்.

"பாட்டு முழுக்கப் பேசினான்னீங்களே."

"எனக்கு அப்படித்தான்..."

"நான் ஒம்பது நிமிஷம் இருக்கும்னு நினைச்சேங்க." அவள் குரலில் கோபமே இல்லை. கடையில் சாமான் குறைகிறது என்று சொல்கிறவள்போலச் சொன்னாள். "ஒம்பது நிமிஷம் பேசியிருக்கான், தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கேக்கலாம்னு நினைச்சேன்."

டேப்பைப் பின்னால் ஓட்டினாள். மறுபடி போட்டாள். 'அப்பா, அந்த மாமா ஏம்பா கண்ண மூடிக்கிட்டு' என்பதோடு நிறுத்தப் பார்த்தாள். விரல் வேகமாகத்தான் இறங்கியது. இருந்தாலும் 'வாய' என்பது உள்ளே வந்துவிட்டது. மறுபடி. இந்தமுறை முன்னாலேயே நிறுத்தினாள். 'கண்ண' என்பதோடு அறுந்துபோனது. மறுபடி. 'வாய.' மறுபடி. அவன் எதிரே நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் தன் குரலைக் கேட்டான்.

"உங்க குரலை மட்டும் எடுக்க முடியாதா?" என்றாள். "அவர்கிட்ட கேளுங்களேன். இருமலெல்லாம் எடுக்கறாரே."

"ஒண்ணுமேல ஒண்ணு பதிஞ்சிருக்கு," என்றான். "என்னை எடுத்தா அவனும் போயிடுவான்."

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு நிறுத்தாமல் ஓடவிட்டாள். மெதுவான பாட்டு இன்னொரு முறை முடிந்து, ஐந்தாவது வந்தது. ஆறாவது வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே கைதட்டல் அடங்குகிற இடத்தில் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் தீர்ந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பிரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் ஓடியது. இருவரில் யாரும் எழுந்து போய் பிரிட்ஜின் சுவிட்சைப் போடவில்லை.

அவள் கேசட்டை வெளியே எடுத்தாள். திருப்பினாள்.

"இன்னொரு பக்கம் இருக்கே," என்றாள். "அதுல பேசியிருப்பான்."

இரண்டாவது பக்கம் பதிவாகத் தொடங்கியபோது பையன் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தான். அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் சொல்லவில்லை. மனைவி பொத்தானை அழுத்தினாள். அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.